முதல் குழந்தைக்கு ஒரு வயதுதான் ஆகிறது. அடுத்ததை உடனே பெற்றுக்கொண்டால் ஆபத்தா?

"ரெண்டையும் ஒரே மூச்சில் பெற்று வளர்த்துவிடு" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

என் பெரிய மாமா நடை பழகும்போதே அம்மாச்சி மறுபடி உண்டாகிவிட்டார். பால் வற்றியது. மாமாவுக்குக் கைகால் சூம்பி வயிறு மட்டும் தள்ளிக்கொண்டது. ஊரில் 'சவலைப் பிள்ளை' என்றார்கள். மாமா எப்படியோ தேறிவிட்டார். எட்டாம் மாதமே பிறந்த தம்பிதான் பத்து நாள்கூடத் தங்கவில்லை.

கானாவின் கா மொழியிலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: குவாஷியோர்கர். அடுத்தது வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று பொருள். 1930களில் அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், தாய்மார்கள் சொன்ன அந்தப் பெயரையே மருத்துவ உலகத்துக்குக் கொண்டுபோனார். நம் சவலையும் அதுவும் எங்கோ பிறந்த ஒரே சொல் மாதிரி எனக்குத் தோன்றும்.

இரண்டு சொற்களுமே மூத்ததைத்தான் பார்க்கின்றன. வயிற்றில் இருப்பதும் பாதிக்கப்படுகிறது. பிரசவத்திலும் பால் கொடுப்பதிலும் குறைந்த இரும்புச்சத்தும் ஃபோலேட் என்ற வைட்டமினும் அம்மா உடம்பில் திரும்பச் சேர்வதற்குள் அடுத்தது தங்கினால், குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பச்சிளம் குழந்தைகள் இறப்பதற்கு இப்படிக் குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறப்பது ஒரு முக்கியக் காரணம். வசதியான நாடுகளில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. சாப்பாடும் மருத்துவமும் எட்டாத இடங்களில்தான் அடி பலமாக விழுகிறது.

சரி, எவ்வளவு இடைவெளி? பிரசவம் ஆனதிலிருந்து அடுத்த கருவுக்கு முயல்வதற்குள் குறைந்தது 24 மாதம் என்று 2005இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். பலர் இதை இரண்டு பிறந்தநாள்களுக்கு நடுவே என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் மூத்ததற்கு மூன்று வயது நெருங்கும்போதுதான் இளையது பிறக்க வேண்டும்.

பிறந்த குழந்தை இறந்துபோன வீடுகளில் "சீக்கிரம் இன்னொன்று பெற்றுக்கொள்" என்று ஆறுதல் சொல்வார்கள். துக்கத்தோடு தேறாத உடம்பும் சேர்ந்திருக்கும் அந்தப் பெண்ணை அப்படி அவசரப்படுத்துவது எனக்குத் தாங்கவே முடியாது.

அப்புறம் ஒன்று. "பால் கொடுக்கிறேன், இன்னும் தீட்டு வரவில்லை" என்று நம்பி இருக்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு முதல் ஆறு மாதம், தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்போதுதான். அதற்குப் பிறகு முதல் தீட்டுக்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். கருவைத் தள்ளிப்போட கருப்பையில் வைக்கும் காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். குழந்தையின் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போதே நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்.