ஒரு கிளவுட் ஸ்டோரேஜ் ஸ்டார்ட்அப்புக்குப் பெரிய முதலீடு கிடைத்தால் அதை எதற்குச் செலவழிப்பார்கள்?

சர்வர்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. அதனால் என் பதில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். பணத்தில் பெரும்பங்கு தரவு உட்காரும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

இந்தத் தொழிலில் ஒருவர் ஒரு கோப்பை ஏற்றிவிட்டால், பொதுவாக அவராக அழிக்கும்வரை அதை நாம் காப்பாற்றியாக வேண்டும். காசு கட்டாத பயனர் என்றாலும் சரி, மாதக்கணக்காக எட்டிப் பார்க்காதவர் என்றாலும் சரி. டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும், மின்கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸைப் பாருங்கள். 2011 அக்டோபரில் 25 கோடி டாலர் திரட்டியபோது பயனர்களின் கோப்புகள் அமேசானின் எஸ்3 சேவையில் வாடகைக்கு இருந்தன. 2014இல் இன்னொரு பெரிய முதலீட்டுச் சுற்று, ஏறத்தாழ 35 கோடி டாலர். இதற்கிடையில் ‘மேஜிக் பாக்கெட்’ என்ற சொந்தச் சேமிப்பு அமைப்பைக் கட்டி, பயனர் தரவில் 90 சதவீதத்துக்கு மேல் அதற்கு மாற்றிவிட்டதாக 2016 மார்ச்சில் அறிவித்தார்கள். 2018இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கொடுத்த ஆவணத்தின்படி, இந்த மாற்றத்தால் இரண்டே ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் செலவு குறைந்தது.

இப்படி மாறுவது வெறும் டிஸ்க் வாங்கும் வேலை இல்லை. கோப்பைத் துண்டுகளாக்கி, பல இயந்திரங்களில் பரப்பி, சிலது செத்தாலும் மீட்கிற மாதிரி கூடுதல் துண்டுகளைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் வெளியிட்ட வடிவமைப்பில் 20 இயந்திரங்கள்: 17இல் தரவு, 3இல் மீட்புத் துண்டுகள். எந்த மூன்று போனாலும் கோப்பு பிழைக்கும். எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளை எழுத நல்ல ஆட்கள் வேண்டும். அவர்கள் சம்பளமும் சின்னது இல்லை.

அதோடு, புதிய இடத்தின் மேல் நம்பிக்கை வரும்வரை பழைய இடத்தைக் காலி செய்ய முடியாது. பல மாதங்களுக்கு இரண்டு பக்கமும் செலவு. பெரிய முதலீடு இல்லாமல் இந்தக் காலத்தைத் தாண்டுவது மிகக் கஷ்டம்.

அடுத்து விற்பனை. நிறுவன வாடிக்கையாளர்களைப் பிடிக்க ஆட்கள், பாதுகாப்புச் சான்றிதழ்கள் என்று செலவு எகிறும். நிறுவனங்களுக்குச் சேமிப்புச் சேவை விற்கும் பாக்ஸ் 2014இல் தாக்கல் செய்த கணக்கில் ஆண்டு வருமானம் 12.4 கோடி டாலர்; விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் மட்டும் 17.1 கோடி! பல வருஷ ஒப்பந்தங்கள் கிடைக்கும் என்றால் இதில் நியாயம் உண்டு. ஆனால் பின்னால் சேமிப்புச் செலவு குறையாமல் இப்படிச் செய்வது எனக்குப் பயமாக இருக்கும்.

மற்ற நிறுவனங்களை வாங்குவதைக் கடைசியில்தான் வைப்பேன். 2013இல் மெயில்பாக்ஸ் என்ற மின்னஞ்சல் செயலியை வாங்கிய டிராப்பாக்ஸ், 2015 முடிவதற்குள் அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

அப்புறம், பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டும். 2013இல் நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் மூடியபோது, தரவை எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொன்ன அவகாசம் சுமார் இரண்டு வாரம்தான். பெட்டாபைட் (ஆயிரம் டெராபைட்) கணக்கில் இருப்பதை அதற்குள் இணையம் வழியாக நகர்த்துவது நடக்காத காரியம். கடையை மூடவே நேர்ந்தாலும் ஒரு வருஷம் சர்வர்களை ஓடவிட்டு எல்லோரும் தங்கள் தரவை எடுத்துக்கொள்ளும் அளவுக்காவது பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்வேன்.