கதையும் கேமும் நம்மை எப்படி மாற்றுகின்றன? கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. எப்போதும் துப்பாக்கிச் சண்டை கேம்தான். முரடனாகிவிடுவானோ?

பதில்: அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். வன்முறைக் குற்றங்களுக்கு கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தீர்மானம் வெளியிட்டது. கத்துவது, தள்ளிவிடுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு என்பதையும் அதே தீர்மானம் ஒப்புக்கொள்கிறது. துப்பாக்கியைவிட எனக்குக் கவலை தருவது வாய்ஸ் சாட். முன்பின் தெரியாத பெரியவர்களின் வசவு ஒரு சிறுவனின் காதில் மணிக்கணக்காக விழும். செட்டிங்ஸில் அதை 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள். ஒருநாள் ஹெட்போன் இல்லாமல் ஆடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: தினம் எத்தனை மணி நேரம் ஆடினால் அது அடிமைத்தனம்?

பதில்: மணிக்கணக்கு அளவுகோலே இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் மூன்றைப் பார்க்கிறது: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்தள்ளுவது, கெடுதல் வந்தும் தொடர்வது. படிப்போ வேலையோ உறவோ கண்கூடாகப் பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதமாவது இது நீடித்திருக்க வேண்டும். லீவில் ஒரு மாதம் ஆடித் தீர்ப்பது இதில் சேராது.

கேள்வி: லூட் பாக்ஸ் சூதாட்டமா?

பதில்: லூட் பாக்ஸ் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாத, கேமுக்குள் கிடைக்கும் பரிசுப் பெட்டி. காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸை பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் அப்படித்தான் வகைப்படுத்தியது. எத்தனையாவது பெட்டியில் பரிசு என்று தெரியாததுதான் கையை நிறுத்தவிடாது. காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரமான ஸ்லாட் மெஷினிலும் இதே உத்திதான். சேமித்த கார்டு விவரத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள்.

கேள்வி: விழிப்புணர்வுக்காக வெப் சீரிஸ் எழுதுகிறேன். கதையால் உண்மையிலேயே ஆட்கள் மாறுவார்களா?

பதில்: மாறுவார்கள், பிரசங்கம் செய்யாமல் இருந்தால். முதியோர் எழுத்தறிவுக்காக 1975-இல் மெக்சிகோவில் தொலைக்காட்சித் தொடர் எடுத்த மிகேல் சபிதோவின் முறையைப் படியுங்கள். நல்லதைச் செய்பவர், கெட்டதைச் செய்பவர், நடுவே தடுமாறுபவர் என மூன்று வகைப் பாத்திரங்கள். பார்ப்பவர் ஒட்டிக்கொள்வது மூன்றாமவரிடம்தான். அவர் ஒரே எபிசோடில் திருந்தினால் யாரும் நம்ப மாட்டார்கள். சறுக்க வேண்டும், வெட்கப்பட வேண்டும், மறுபடி முயல வேண்டும். முடிவில் உதவிக்கு எங்கே போகலாம் என்ற தகவலும் வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்: மோசமானவருக்கே நல்ல வசனங்களை எழுதிவிடுவார்கள். இனவெறி பிடித்த குடும்பத் தலைவரைக் கிண்டல் செய்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றை நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே வெறுப்பு உள்ளவர்கள் அவர் பக்கமே நியாயத்தைக் கண்டார்கள்! ஆகவே முதல் டிராஃப்டை உங்கள் கருத்தை ஏற்காத நாலு பேரிடம் கொடுத்து, 'யார் பேச்சு சரி?' என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

கேள்வி: வசனமே இல்லாத போர்டு கேம் என்ன கருத்தைச் சொல்லிவிடும்?

பதில்: விதிகள் சொல்லும். நில வாடகை சிலரை மட்டும் கொழிக்கச் செய்வதைக் காட்டத்தான் லிஸி மேகி 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' உருவாக்கி 1904-இல் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் வந்த மோனோபொலியில் மற்றவர்களைத் திவாலாக்குபவர்தான் ஜெயிக்கிறார். பலகை கிட்டத்தட்ட அதேதான். அதனால் எந்த கேமை எடுத்தாலும் படத்தையும் கதையையும் ஒதுக்கிவிட்டு, எதைச் செய்தால் புள்ளி ஏறுகிறது, எதைச் செய்தால் கழிகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.