மருளும் மருந்தும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தங்கைக்கு வயது 34. உறக்கமே இல்லாமல் பரபரத்துத் திரிந்த நாட்களும் எழுந்திருக்க முடியாமல் படுத்தே கிடந்த நாட்களும் மாறி மாறி வந்ததால், நான்கு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உட்கொள்கிறாள். சென்ற ஆண்டு அவள் கணவர் விபத்தில் இறந்தபின் யாருடனும் பேசுவதில்லை. புதுச்சேரிக்கு அருகே ஒரு கடற்கரை விடுதியில் நடக்கும் மூன்று நாள் மூச்சு முகாமுக்கு அனுப்பினால், வேறொரு உணர்வுநிலைக்குப் போய் அடக்கிவைத்த துக்கத்தையெல்லாம் அழுது தீர்த்துவிடுவாள் என்கிறார் அவளுடைய தோழி. அம்மாவோ, மேல்மலையனூர் அமாவாசைக்கு அழைத்துப் போக வேண்டும் என்கிறார். எதற்குச் சம்மதிப்பது?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முகாம் வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அமாவாசை இரவில் அல்ல.

வேகமாகவும் ஆழமாகவும் நெடுநேரம் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உதடும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன. சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்கின்றன. தலை மிதப்பதும் காட்சிகள் தோன்றுவதும் அழுகை பீறிடுவதும் இந்த மாற்றத்தோடு சேர்ந்து வருபவையே. மாயக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் எல்எஸ்டி மருந்தைக் கொடுத்து மனநோய்க்கு மருத்துவம் செய்து பார்த்த ஸ்டானிஸ்லாவ் கிரோஃப், அந்த மருந்து தடைசெய்யப்பட்ட பிறகு, மருந்தில்லாமல் அதே நிலையை எட்டுவதற்காகத் தம் மனைவியுடன் சேர்ந்து 1970களில் வகுத்த முறைதான் இன்றைய பல முகாம்களுக்கு மூலம். இதய நோய், வலிப்பு, கர்ப்பம், கடுமையான மனநோய் ஆகியவை இருந்தால் இம்முறை ஆகாது என்பதை அதில் முறையாகப் பயின்றவர்களே சொல்வார்கள். உங்கள் தங்கை என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அந்த முகாமில் யாராவது கேட்டார்களா?

கேட்டிருக்க வேண்டும். இத்தகைய முகாம்களில் உபவாசமும் வியர்க்க வியர்க்க ஆடுவதும் சேர்ந்திருப்பதுண்டு. உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று தொடங்கி நினைவு தப்பும் வரை அது போகக்கூடும்.

மேல்மலையனூருக்கு வருவோம். ஊஞ்சல் உற்சவம் நடப்பது நள்ளிரவில். உங்கள் தங்கையைப் போல் பரபரப்பும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு ஓரிரவு உறக்கம் கெடுவதே பழைய பரபரப்பு மீண்டும் தலைதூக்கப் போதுமானதாகிவிடலாம். அம்மாவின் நம்பிக்கையை நான் எள்ளவில்லை. பம்பையும் உடுக்கையும் முழங்க மருள் வந்து ஆடும் பெண், வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாததை அம்மன் வாக்காக ஊர் நடுவே சொல்கிறாள். அதட்டிப் பழகியவர்கள் கைகட்டிக் கேட்கிறார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றித் திருநீறிட்டுச் சாமியை மலையேற்றுகிறார். ஒரு சமூகம் தன் சமய வழக்கமாக ஏற்றுக்கொண்ட மருளை, உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடும் நோயாகக் கொள்வதில்லை. அங்கே ஆறுதல் தருவது மருள் மட்டுமல்ல, அதைச் சுற்றி நிற்கும் மனிதர்களும்தான் என்பது என் எண்ணம். முகாம் முடிந்து ஞாயிறு மாலை தனியே பேருந்து ஏறும் பெண்ணுக்குத் திங்கட்கிழமை யார் துணை?

ஆகவே ஒரு பகல் வேளையில் போய்விட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பி, இரவு மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் பேச்சையோ, அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்பவர் பேச்சையோ கேட்காதீர்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டு, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. கணவரை இழந்தபின் வந்திருக்கும் இந்த மௌனம் துக்கமா, நோயின் மறுபக்கமா என்பதை, லித்தியம் எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் இரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாவைப் பற்றி உங்கள் தங்கை பேசினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல், அன்றே ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: போதைக் காளானும் கெட்டமினும் மனச்சோர்வைக் குணப்படுத்துகின்றன என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் வாதிடுகிறான். உண்மையா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பாதி உண்மை. கெட்டமின், அறுவை அரங்குகளில் அரை நூற்றாண்டாகப் புழங்கும் மயக்க மருந்து. பிற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வைச் சிறிய அளவில் சில மணி நேரத்திலேயே அது தணிப்பதுண்டு. ஆனால் அந்தத் தணிவு பெரும்பாலும் சில நாட்களில் கரைந்துவிடும். அதன் ஒரு வடிவத்தை மூக்கில் தெளிக்கும் மருந்தாக அமெரிக்கா 2019இல் அனுமதித்தபோது, மருத்துவமனையிலேயே தெளித்து, இரண்டு மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும் என்றும் விதித்தது. தாமாக வாங்கி அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிப்போகிறது.

காளானில் உள்ள சைலோசைபினை, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் எழுதித் தர ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் வழிசெய்தது. அதன் ஆய்வுகளில் நோயாளி மருந்தை விழுங்கிவிட்டுத் தனியே கிடப்பதில்லை. முன்னதாகப் பல அமர்வுகள், மருந்து வேலை செய்யும் ஆறேழு மணி நேரமும் அருகில் பயிற்சி பெற்றவர், பின்னர் கண்டதைப் பேசிப் புரிந்துகொள்ள மறுபடியும் அமர்வுகள் என்று அது நீள்கிறது. கொடைக்கானலில் பறித்த காளானோடு விடுதி அறையில் உட்காரும் இளைஞர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி சைலோசைபினை வைத்திருப்பதே குற்றம் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, இந்தப் பேச்சு அவனுக்கு ஏன் தேவைப்படுகிறது, அவனுக்கே மனம் சரியில்லையா என்று, வாதத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: அறிதுயிலில் ஆழ்த்தி, முற்பிறவியைக் காட்டித் தீராத தலைவலியைப் போக்குவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அறிதுயில் என்பது திருமாலின் உறங்காத உறக்கத்துக்குத் தமிழ் வைத்த பெயர், ஹிப்னாடிசத்துக்கும் அது வெகுவாகப் பொருந்துகிறது. உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840களில் அப்பெயரைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டே, அது உறக்கமல்ல என்று கண்டு பின்னர் வேறு பெயர் வைக்க முயன்றார். வலிக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத குடல் எரிச்சல் நோய்க்கும் அது உதவுவது உண்மை. ஆனால் அந்நிலையில் மனம், தான் கற்பனை செய்வதையே நினைவாக எடுத்துக்கொள்ளும்; கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே காணும். முற்பிறவிக்குப் போகுமுன் இரத்த அழுத்தத்தையும் கண்களையும் சோதித்துக்கொண்டு, நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் பாருங்கள்.