ஆடி கழித்துக் குடிபோக இருந்தோம், அட்வான்ஸ் திரும்புமா?

கேள்வி: என் மனைவிக்கு மயிலாடுதுறைக்கு மாற்றல் வந்தது. ஆனி கடைசியில் அங்கே மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு வீடு பேசினோம். அட்வான்ஸ் 45,000. அதில் 30,000 மனைவியின் கணக்கிலிருந்து ஜிபேயில் போனது. 15,000 கையில் கொடுத்தேன், ரசீது இல்லை. ஆடி கழித்துப் பால் காய்ச்சலாம் என்றிருந்தோம். ஆடி இரண்டாம் வாரமே மாற்றல் ரத்தாகிவிட்டது. அன்றே போனில் சொல்லிவிட்டோம். சாவி வாங்கவில்லை, ஒப்பந்தமும் எழுதவில்லை. ஆவணியில் வேறு ஆள் குடிவந்த பிறகும், "நீங்களாகத்தானே வேண்டாம் என்றீர்கள், அட்வான்ஸ் வராது" என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வரும். ஆனால் 45,000-மும் முழுசாக வரும் என்று எண்ண வேண்டாம்.

அட்வான்ஸ் என்பது வாடகைப் பாக்கிக்கும் சேதத்துக்குமான ஈடு. நீங்கள் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஈடு பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. வீடு பேசும்போது ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கும் டோக்கன் வேறு. அது போனால் போனதுதான் என்று விட்டுவிடலாம். ஐந்து மாத வாடகையை அப்படி விட முடியாது.

விலகியது நீங்கள் என்பதால் வீட்டுக்காரர் நஷ்டம் கேட்கலாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவுப்படி, உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் கேட்க முடியும். 'அட்வான்ஸ் திரும்பாது' என்று எழுதிக் கையெழுத்தே வாங்கியிருந்தாலும், 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் விடாது. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆடியில் நம் பக்கம் யார் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள்? நீங்கள் வீடு பேசியிருக்காவிட்டாலும் அந்த மாதம் வீடு பூட்டித்தான் கிடந்திருக்கும். ஆவணியில் ஆளும் வந்துவிட்டது. ஆனாலும் உங்களுக்காக வீட்டை நிறுத்தி வைத்தார் என்று நீதிபதி ஒரு மாத வாடகையைக் கழிக்க இடமுண்டு. 36,000 தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

(அவரே வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்து உங்களைக் கைவிட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க விடக் கூடாது.)

பலவீனம் அந்த 15,000-தான். நோட்டீஸ் போனதும் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொள்வார். அதனால் அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக எழுதுங்கள்: "சார், ஜிபேயில் 30,000, கையில் 15,000, ஆக 45,000 கொடுத்திருந்தோம். எப்போது தருவீர்கள்?" "ஐப்பசிக்குள் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் ரொக்கம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வாட்ஸ்அப் பதிவைத் தாக்கல் செய்ய 2023-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றும் (பதிவு எந்தப் போனிலிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்ற உறுதிமொழி) வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் வங்கிக் கணக்கு அறிக்கையும் வாங்கி வையுங்கள். பணம் கொடுத்தபோது தரகர் உடனிருந்தால் அவர் சாட்சி. அவருக்குக் கொடுத்த கமிஷனை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிறகு வக்கீல் நோட்டீஸ், 15 நாள் கெடுவோடு. பெரிய தொகை போனது மனைவி கணக்கிலிருந்து; ரொக்கம் கொடுத்தது நீங்கள். ஆகவே இருவர் பெயரிலும் அனுப்புங்கள். உங்கள் பெயரில் மட்டும் போனால் 'இவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்' என்று பதில் வரும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கச் சொல்வார்கள். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பச் சொல்கிறதே தவிர, குடியே போகாதவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. எழுத்து ஒப்பந்தமும் உங்களிடம் கிடையாது. அங்கே அலைய வேண்டாம். காவல் நிலையத்திலும் 'சிவில் விவகாரம்' என்றுதான் சொல்வார்கள்; ஒரே வீட்டுக்கு நாலு பேரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் கதை வேறு.

வழக்குப் போடுமுன் மயிலாடுதுறை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். கட்டணம் இல்லை, அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம். வரவில்லையென்றால் முன்சீஃப் நீதிமன்றத்தில் பண வழக்கு. அவர் குடியிருப்பதும் வீடு இருப்பதும் மயிலாடுதுறை என்றால் அங்கேதான் போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 1,350 ரூபாய். கெடு மூன்று ஆண்டு.

சமரசமானால் பணத்தைக் கணக்கிலேயே வாங்குங்கள். பாதி தந்துவிட்டு 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். காசோலை தந்து அது திரும்பினால், வங்கி தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் காசோலை வழக்கு போய்விடும்.