அடைப்புக்குறிக்குள் ஒளிந்த வரி

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. 3 மாதத்துக்கு முன் மைனஸ் 2.50 என்று கண்ணாடி கொடுத்தார்கள். பள்ளி வாசலில் இறங்கியதும் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். “நம்ம வீட்டுல நான் மட்டும்தான் இப்படி” என்று அழுகிறாள். “நம்ம பரம்பரையில யாருக்கும் கண்ணாடி கிடையாது, எல்லாம் ஹேண்ட்போன் பார்த்த வினை” என்று மாமியார் தினமும் ஏசுகிறார். (எனக்கும் 14 வயதிலிருந்து பவர் உண்டு. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து லென்ஸ்தான். கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.) இளையவனுக்கு 5 வயது. மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: பிள்ளை சொல்வதில் என்ன பிழை, சகோதரி? அவள் கண்டவரையில் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் கண்ணாடி போடுகிறாள். அவளைத் தனியாக நிறுத்தியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை, நீங்கள்தான்.

போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டீர்களே, அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். கண் பார்வைக் குறை குடும்பத்தில் இறங்கி வரும். பெற்றவர்களில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருந்தாலே பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடுதல். ஹேண்ட்போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் உங்கள் கண்ணிலிருந்து வந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு எட்டு வயதுப் பிள்ளை தினமும் ஏச்சு வாங்குகிறாள், நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கும் தெரியும், அவரும் வாய் திறக்கவில்லை. மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தானே அவர் பேசுகிறார்?

பெண் பார்க்க வந்த அன்று மறைத்தீர்கள், சரி. அந்தக் காலத்துப் பயம் எனக்கும் புரியும். ஆனால் பெற்ற பிறகு மானமும் மரியாதையும் பிள்ளைக்குப் பிறகுதான். கண்ணாடி வெட்கப்பட வேண்டிய பொருள் என்று அவளுக்கு யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. அந்த வெட்கம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நல்ல நிறத்தில் ஃபிரேம் வாங்கிக் கொடுங்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அது பிறகு. நாளைக் காலை லென்ஸ் போடாதீர்கள். அலமாரியில் இருக்கும் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பசியாற உட்காருங்கள். மகளை வைத்துக்கொண்டே மாமியாரிடம், “அத்தை, எனக்கும் சின்ன வயசிலிருந்து இருக்கு, இது என்கிட்டேயிருந்து வந்திருக்கும், இனி பிள்ளையை ஏசாதீங்க” என்று சொல்லுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும். பிறகு அதே கண்ணாடியோடு மகளைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள்.

மைனஸ் 2.50 என்றால் கண்ணாடி இல்லாமல் 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். ஆசிரியர் பலகையில் எழுதுவது அவளுக்கு வெறும் கறைதான். போட்டுப் பழகினால் பவர் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளர்கிற வயதில் கண்விழி நீள்வதால்தான் ஏறுகிறது.

இளையவனை மறந்துவிடாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, நல்ல கண்ணை வைத்தே சமாளித்துவிடும். மூளை மற்றக் கண்ணைக் கைவிட்டுவிடும். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் சரிசெய்வது எளிது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்பதால், மாலையில் இரண்டு பேரையும் தித்திவாங்சா ஏரிப் பூங்காவுக்கு ஓட விடுங்கள். அவன் கண்ணை இந்த மாதமே பரிசோதித்துவிடுங்கள். அக்காவும் உடன் வரட்டும், கண்ணாடியோடு. நீங்களும்.