எவரெஸ்டில் தொலைந்த கேமரா

கேள்வி: 1924-இல் எவரெஸ்டில் காணாமல் போன ஆங்கிலேய மலையேறிகள் மல்லோரி, இர்வின் இருவரின் தடயங்களை இன்னும் தேடுகிறார்களாமே, நூறு வருடம் கழித்து அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

பதில்: நிறையவே மிஞ்சும். அந்தக் குளிரில் எதுவும் லேசில் மக்காது. 1933-இல் சுமார் 8,460 மீட்டரில் ஒரு பனிக்கோடரி கிடைத்தது. அப்புறம் 1975-இல் சீன வீரர் ஒருவர் பழைய காலத்து ஆங்கிலேயர் உடலைப் பார்த்திருக்கிறார். 1979-இல் அதை ஒரு ஜப்பானிய வீரரிடம் சொன்னவர் மறுநாளே பனிச்சரிவில் இறந்துபோனார். அந்த வாய்மொழித் தகவலைத் துப்பாக வைத்துத்தான் 1999-இல் ஒரு குழு ஏறியது. மே 1 அன்று, சுமார் 8,150 மீட்டரில், கான்ராட் ஆங்கர் கண்ணில் மல்லோரியின் உடல் பட்டது: குப்புறக் கிடந்தது, கால் முறிந்திருந்தது, இடுப்பில் கயிறு இறுக்கிய காயம், பனிக்கண்ணாடி சட்டைப்பைக்குள். வெயில் போனபின் இறங்கும்போது விழுந்திருப்பார்கள் என்று பலர் நினைக்க அந்தக் கண்ணாடிதான் காரணம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கேமரா மட்டும் கிடைக்கவில்லை. அதே 1924 பயணக்குழுவில் இருந்தவரும், பின்னாளில் நெய்யூர் மருத்துவமனையில் நீண்ட காலம் அறுவை மருத்துவராக இருந்தவருமான சாமர்வெல், மல்லோரிக்குக் கொடுத்தனுப்பிய சின்ன கோடாக் அது. உச்சியைத் தொட்டார்களா என்பதற்கு அதிலுள்ள பிலிம் விடை சொல்லலாம்.

2024-இல் இர்வினின் ஒரு பாதம், பெயர் தைத்த காலுறையோடும் பூட்ஸோடும், வெகு கீழே மத்திய ரோங்புக் பனியாற்றில் கிடைத்தது. மரபணுச் சோதனையும் அவர்தான் என்றது. இனி மேட்டில் மட்டுமல்ல, பனியாற்றிலும் தேட வேண்டும்.