சம்பளமெல்லாம் அவர் கையில்: குடும்ப வன்முறை, சட்டம், பணம் பற்றிய கேள்வி பதில்

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வரப் பார்க்கும் பெண்களோடு வக்கீல், நீதிமன்றம், வங்கி என்று கூடவே போய் வருவதுதான் பல வருடமாக என் வேலை. வந்த கேள்விகளை, கேட்டவர் யாரென்று தெரியாதபடி சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் என் சம்பளக் கணக்கு முழுவதும் அவர் கையில். பஸ்ஸுக்குக்கூட கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை வன்முறை என்று சொல்லலாமா அக்கா?

சொல்லலாம். இதன் பெயர் பொருளாதார வன்முறை. இந்தியாவில் பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடி, வசவு, பாலியல் கொடுமை ஆகியவற்றோடு இதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் அப்படியே. வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, உங்கள் பெயரில் கடன் வாங்குவது எல்லாம் இதில்தான் வரும். 'அடிக்கவில்லையே' என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வீட்டைவிட்டுக் கிளம்ப முடிவு செய்துவிட்டேன். முதலில் வக்கீலைப் பார்ப்பதா, பணம் சேர்ப்பதா?

முதலில் ஒன்று சொல்லுங்கள். அவர் எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்திருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா? ஆம் என்றால் பணம் சேரும்வரை காத்திருக்காதீர்கள். காப்பகத்தையோ உதவி எண்ணையோ இன்றே தொடர்புகொள்ளுங்கள். பெண் பிரிந்துபோகிற நேரம்தான் மிக ஆபத்தானது. அதனால் கிளம்பப் போவதை அவரிடம் சொல்லவே வேண்டாம்.

உடனடி ஆபத்து இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, படிப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வேறொரு வங்கியில், அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்குங்கள். வீட்டு முகவரிக்குக் கடிதமோ அட்டையோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அவர் எடுத்துப் பார்க்கிற போனில் செய்யாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தை அந்தப் போனே அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

கூட்டுக் கணக்கிலிருந்து மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடத் தோன்றும். அது அவரை உஷார்ப்படுத்தும், நாளைக்கு நீதிமன்றத்திலும் கேள்வி வரும். எவ்வளவு எடுக்கலாம் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: மிரட்டிக் கையெழுத்து வாங்கி என் பெயரில் கடன் எடுத்திருக்கிறார். நான்தான் கட்ட வேண்டுமா?

உங்கள் கையெழுத்தை அவரே போட்டிருந்தால் அது மோசடி. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போலீசிலும் பதிவு செய்யுங்கள். பயந்துபோய் நீங்களே போட்ட கையெழுத்து என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். கடன் கொடுத்தவர் பெரும்பாலும் உங்களிடம்தான் வந்து நிற்பார். இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள்: விவாகரத்து ஒப்பந்தத்தில் 'கடனைக் கணவர் கட்டுவார்' என்று எழுதியிருந்தாலும், அது பொதுவாக வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாமல் விட்டால் கெட்டுப்போவது உங்கள் கடன் வரலாறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கடனை அடைக்க முடியுமா, அவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் இன்னும் என்னென்ன கடன் இருக்கிறது என்று கடன் அறிக்கை வாங்கிப் பாருங்கள். தெரியாத கடன்கள் வெளிவருவது உண்டு.

கேள்வி: என் தங்கை மூன்று முறை வெளியே வந்து மூன்று முறையும் திரும்பிப் போய்விட்டாள். வழக்குப் போடு என்றால் மறுக்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்காதீர்கள் தம்பி. உங்கள் தவிப்பு புரிகிறது. நானும் ஆரம்பத்தில் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு பெண்ணை விடாமல் வற்புறுத்தி, கணவர் அவரைத் துன்புறுத்தக்கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு ஆணையை வாங்க வைத்தேன். ஆணை கிடைத்தது, எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு மாதத்தில் அந்தப் பெண் கணவரிடமே திரும்பிப் போய்விட்டார். வாடகைக்கு வழியில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலையும் போயிருந்தது. இதையெல்லாம் அவர் என்னிடம் முதல் நாளே சொன்னார். நான்தான் வழக்கிலேயே கண்ணாக இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

அதன்பிறகு நான் முதலில் கேட்பது 'உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?' என்பதுதான். ஒருவர் முன்பணம் கேட்பார், ஒருவர் பிள்ளையின் பள்ளியை மாற்றித் தரச் சொல்வார், ஒருவருக்கு இப்போதைக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். அவரவர் ஆபத்து அவரவருக்குத்தான் தெரியும். உங்கள் தங்கையிடமும் அதைக் கேளுங்கள். அவள் திரும்பிப் போனாலும் 'எப்போது வேண்டுமானாலும் வா' என்கிற கதவு மட்டும் மூடாமல் இருக்கட்டும்.

கேள்வி: ஆதாரம் எதுவும் இல்லை. புகார் நிற்குமா?

நீங்கள் சொல்வதே ஒரு சாட்சியம். தேதி போட்டு நடந்ததை எழுதி வையுங்கள். மிரட்டல் மெசேஜ், மருத்துவர் சீட்டு, பணம் எடுத்த வங்கிப் பதிவு எல்லாம் உதவும். வீட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: வழக்கு நாளெல்லாம் லீவு போட்டால் வேலை போய்விடும் போலிருக்கிறது.

சில நாடுகளில் இதற்கென்றே சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு உண்டு. பிலிப்பைன்ஸில் 2004லேயே சட்டமானது, நியூசிலாந்தில் 2019 முதல், ஆஸ்திரேலியாவில் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாட்டில் இல்லையென்றாலும் நிர்வாகத்தில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் கணவர் அலுவலக வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: மாதாமாதம் பணம் தரச் சொல்லி இந்திய நீதிமன்றம் உத்தரவு போட்டும் அவர் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

கெஞ்ச வேண்டாம் அம்மா. நான் முதலில் சொன்ன அதே 2005 சட்டத்தின் 20ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. அவர் தரத் தவறினால், சம்பளத்திலிருந்து நேரடியாக உங்களுக்குக் கொடுக்கும்படி அவருக்கு வேலை கொடுப்பவருக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவர் வேலை செய்யும் இடத்தின் பெயர், முகவரி, எந்தெந்த மாதம் தரவில்லை என்ற கணக்கு, இவற்றை எழுதி வக்கீலிடம் கொடுத்து மனு போடச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.